ஈரம் ஆகாது

மங்கலம் ரோட்டுச் சாயப்பட்டறையில்
ஸ்டோர் சாவி என்னிடம்.
ஹைட்ரோஸ் என்றால் போதும்,
முழுப்பெயரைக் கொண்டுவருகிற லாரிக்காரரும் சொல்வதில்லை.
வெள்ளைப் பொடி. பார்த்தால் ரவை.
தப்பாய் ஏறிய நீலத்தை
நூலிலிருந்து உருவி எடுத்துவிடும்.

டிரம்மோடு ஒரு தாள் வந்தது.
ஒன்பது பக்கம், எறும்பு எழுத்தில் இங்கிலீஷ்.
"துளசிமணியக்கா, தமிழ்ல நாலு வரி எழுதி ஒட்டிருங்க,
நாளான்னைக்கு ஆடிட்டிங்" என்றார்
முதலாளி மகன்.

நாலே வரி.
'ஈரம் படாமல் வைக்கவும்' என்று எழுதிப் பார்த்தேன்.
யாருக்குப் பயம் வரும் அதில்?
அழித்துவிட்டு, 'ஈரம் ஆகாது.'
ஆகாது என்றால் எங்கள் பக்கத்தில் புரியும்.
அமாவாசைக்குக் கறி ஆகாது.
வாய்க்கால் வழக்கு முடிகிற வரை
பெரியப்பன் வீட்டுக்கும் எங்களுக்கும் ஆகாது.

அள்ளும் கரண்டி காய்ந்திருக்கணும்.
கையும் காய்ந்திருக்கணும், வேர்வையும் தண்ணிதான்.
மூடிவிட்டுத்தான் தும்மணும்.
கடைசி வரி தாளில் இல்லை, நானாகச் சேர்த்தது.

பிபின் நாயக்குக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.
அவனுக்காக ஒரு சொட்டு வரைந்து
மேலே பெருக்கல் குறி போட்டேன்.
பார்த்துச் சிரித்தான்:
"தண்ணி இல்லையாக்கா?
எங்க லைன் வூட்லயும் இல்ல."

ஐப்பசி. மூன்று நாளாய் விடாத மழை.
கூரைத் தகட்டில் ஓர் ஆணித் துளை,
ஆடியிலிருந்து நான் சொல்லிவந்த துளை.
அடைப்பதற்குப் பதிலாய் டிரம்களின் மேல்
பழைய கல்யாண ஃபிளெக்ஸ் ஒன்றை விரித்திருந்தார்கள்.
மாப்பிள்ளை முகத்தில் தண்ணீர் தேங்கி
பெண்ணின் தோள்வழியே
மூன்றாவது டிரம்மில் சொட்டியது.
அதன் வளையம் பூட்டவில்லை.
பூட்டாதது யார் என்று
மறுநாள் எல்லாரும் கேட்டார்கள்.

இரவு இரண்டு மணி.
தீக்குச்சி உரசி அணைத்த நாற்றம்.
டிரம்மில் உள்ளங்கை வைத்தேன்,
ஆறிக்கொண்டிருக்கும் இஸ்திரிப் பெட்டிச் சூடு.
ஆனால் இது ஆறவில்லை, ஏறியது.
மூடி ஓரத்தில் வெள்ளையாய்ப் புகை.

பிபின் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவந்தான்.
புகை என்றால் தண்ணீர்,
பாலசோரிலும் பல்லடத்திலும் அதுதானே வழக்கம்.
"ஊத்தாதே!"
அவன் சொட்டைப் பார்த்தான். குறியைப் பார்த்தான்.
வாளி கையில் தளும்ப நின்றான்.

எனக்கு அப்போதுதான் ஐந்தாம் பக்கம் ஞாபகம் வந்தது.
கொஞ்சமாய் ஊற்றினால் எரியும்.
ஊற்றினால் வெள்ளமாய் ஊற்று,
காற்று வருகிற பக்கம், தள்ளி நின்று.
சொட்டுதான் பகை. வெள்ளம் துணை.
அது ஐந்தாவது வரி.
என்னிடம் கேட்டது நாலு.

ஆட்களையெல்லாம் கேட்டுக்கு வெளியே விரட்டினேன்.
தீயணைப்புக் குழாயை அவன்தான் இழுத்தான்.
காற்று ஒருமுறை திரும்பியது,
ஒரே ஒருமுறை.
டிரம் அடங்கியது.
அவன் இருமல் அடங்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள்.
பதினோரு நாளும் சம்பளத்தில் பிடித்தார்கள்.
ஈரம் ஆகாது.

ஆடிட்டர் வந்தார். நான் எழுதியதைப் படம் எடுத்தார்.
அன்றிரவு கழுவி ஓடிய தண்ணீர்
எங்கே போனது என்று கேட்கவில்லை.
அது தாளில் பன்னிரண்டாம் பகுதி.
அதை நான் இன்னும் தமிழில் எழுதவில்லை.

பிபின் திரும்பி வந்த அன்று
மார்க்கர் கேட்டான்.
என் சொட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
இருமி இருமி வரைந்தான்,
தாள் கொள்ளாமல், சுவரிலும் ஏறி,
சொட்டு சொட்டு சொட்டாய்.
எதன் மேலும் குறி போடவில்லை.

மேலே ஃபிளெக்ஸை மாற்றியிருக்கிறார்கள்.
இப்போது காதுகுத்து.